நிலைப்பூண்டு

“எம்மா, கையை எடு. குத்துது.”

“உனக்கு என்னட்டி குத்துது? எனக்குல்லா குத்துது!”

சலேத்மேரியின் உள்ளங்கை மகளின் தலைமேல் அப்படியே நின்றுவிட்டது. ஞாயிறு பூசைக்குக் கிளம்புமுன் டெல்பினின் மொட்டைத் தலையில் ஒரு கை எண்ணெய் வைப்பது எட்டு வருடமாக அந்த வீட்டு வழக்கம். வைத்த கை வழுக்கிக்கொண்டு பிடரிக்குப் போய்விடும். பீங்கான் தட்டைத் துடைப்பது போலத்தான் இருக்கும். இன்றைக்குக் கை வழுக்கவில்லை. உச்சியைச் சுற்றிச் சொரசொரவென்று ஏதோ தடுத்தது.

“என்னங்க! இங்க ஓடி வாங்க!”

பின்வாசலில் தலையை மழித்துக்கொண்டிருந்த கஸ்பார் பாதி நுரையோடு வந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு அவரும் தடவிப் பார்த்தார். பிறகு சலேத் தடவினாள். மறுபடியும் அவர் தடவினார்.

“என்ன, ரெண்டு பேரும் தேங்காயா வாங்குதீய? தட்டிப் பாத்துட்டு எடுங்க” என்றாள் டெல்பின். வாய்தான் துடுக்காகப் பேசியது. கண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“முடி முளைச்சிருக்கு” என்றார் கஸ்பார்.

“மாதாவே!” சலேத் சிலுவை போட்டுக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கையைத் தலையிலிருந்து இழுத்துக்கொண்டாள். இந்தப் பிள்ளையின் தலையில் முடி முளைக்கக் கூடாது. முளைத்தால் உடம்பில் எல்லாமே வளரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எல்லாமே என்றால், அந்தத் தலைக்கு உள்ளே இருப்பதும்தான்.

“டாக்டரம்மாவுக்குப் போன் போடு” என்றார் கஸ்பார்.

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமைல்லா.”

“அப்ப நாளைக்குக் கூட்டிட்டுப் போ. எனக்குக் கப்பல் இருக்கு, நகர முடியாது.” தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர் அவர். பெரிய பெரிய கப்பலையெல்லாம் இழுத்து வந்து கட்டுகிற மனிதர், மீதித் தலையை மழிக்கிறதா விடுகிறதா என்று தெரியாமல் கத்தியோடு நின்றார்.

*

டெல்பினுக்கு ஒன்பது வயதில் நடை கோணியது. வகுப்பிலிருந்து வெளியே வரும்போது கதவை விட்டுவிட்டுச் சுவரில் போய் இடித்தாள். படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளைத் தண்டில் கட்டி. கத்தி வைக்க முடியாத இடம்.

அப்போதுதான் டாக்டர் ரஹ்மத்நிஷா அந்த மருந்தைப் பற்றிச் சொன்னார். காயல்பட்டினத்துக்காரர். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவார்.

“தேரிக்காட்டுல, அந்தச் செம்மணல்ல, ஒரு பூண்டு படரும் சலேத். நிலைப்பூண்டுன்னு சொல்லுவாங்க. கோடை முழுக்க அது வளரவும் செய்யாது, காயவும் செய்யாது. சித்திரையில எத்தனை இலை இருந்துச்சோ அத்தனையோட ஐப்பசி வரைக்கும் அப்படியே கிடக்கும். மழை விழுந்த பிறகு விட்ட இடத்துல இருந்து தளிர்க்கும். அதோட வேர்ல இருக்கிற ஒரு சத்து, செல்லைப் பாத்து ‘பொறு’ன்னு சொல்லுது. அதைத்தான் மருந்தா எடுத்திருக்காங்க.”

“கட்டியையும் பொறுன்னு சொல்லுமா டாக்டரம்மா?”

“சொல்லும். ஆனா அதுக்கு நல்ல செல்லு, கெட்ட செல்லுன்னு ஆள் பாக்கத் தெரியாது. மொத்த உடம்பையும்தான் பொறுக்கச் சொல்லும். தேயுறதைச் சரிக்கட்டும். அதுக்கு மேல ஒண்ணும் கூடாது.”

“அப்ப பிள்ளை?”

“பிள்ளையும் இப்ப இருக்கிற மாதிரியே இருப்பா. உயரம் கூடாது. பால்பல்லு விழுறதும் அப்படியே நின்னுரும். ஆனா படிப்பு வரும். மூளையில செல்லு பெருகித்தான் அறிவு வரணும்னு இல்ல, உள்ளது ஒண்ணோட ஒண்ணு பழகப் பழக அறிவு வரும்.”

“இருந்தாப் போதும் டாக்டரம்மா” என்று சலேத் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “எப்படியும் இருந்தாப் போதும்.”

கட்டி நின்றது. அடுத்த அடுத்த படங்களில் அசையவே இல்லை. நேர்ச்சை நேர்ந்திருந்தாளே, விடுவாளா? இரண்டாம் வருடம் பிள்ளையை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போய் மொட்டை போட்டாள். இடுப்பு வரை தொங்கிய முடி. கஸ்பாரும் கூடவே உட்கார்ந்து போட்டுக்கொண்டார். சந்தனம் பூசிய இரண்டு தலைகளோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, மாதா கோயில் எண்ணெயை டாக்டரின் மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் எண்ணெயைப் பார்க்கவில்லை. “மொட்டையா போட்டீங்க?” என்றார்.

“நேர்ச்சை டாக்டரம்மா.”

“வெயில்ல போகாதே, மருந்தை விடாதேன்னு எல்லாம் சொன்னேனே. இதைச் சொல்லணும்னு எனக்குத் தோணலையே!” என்று அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “இனி எங்கேருந்து முளைக்கும் சலேத்?”

முளைக்கவில்லை. கஸ்பாருக்கு முளைத்தது. அதை அவர் மழித்துப் போட்டார். “அவளுக்கு வாறப்போ எனக்கும் வரட்டும்” என்றவர் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மழித்துக்கொண்டே இருந்தார். மருந்து சாப்பிடும் பிள்ளைகளுக்கு மொட்டை போடக் கூடாது என்று அந்த வார்டு வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை ஏறியது. வருகிறவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். சலேத் மட்டும் அதன் பக்கம் திரும்பாமல் உள்ளே போவாள்.

*

“பாப்பாவுக்கு அரை டிக்கெட்டா?” என்றார் பஸ் கண்டக்டர்.

“முழு டிக்கெட்டு. எனக்கு ஓட்டு இருக்கு” என்றாள் டெல்பின்.

கண்டக்டர் சிரித்தார். டெல்பின் சிரிக்காததைப் பார்த்து, தலையைப் பார்த்து, “ஓ, நிலைப் பிள்ளையா?” என்று குரலைத் தாழ்த்தினார். ஊரில் இப்போது எல்லோருக்கும் தெரிந்த சொல் அது. நல்லதும் தெரியும், கெட்டதும் தெரியும். சினிமாவில் நடிக்கிற ஒரு பிள்ளைக்கு, முகம் மாறிவிடக் கூடாதென்று பெற்றவர்களே இந்த மருந்தைக் கள்ளத்தனமாகக் கொடுத்துப் பிடிபட்ட செய்தி வந்ததிலிருந்து, சலேத்தைப் பார்க்கிற பார்வையிலும் ஒரு சந்தேகம் கலந்திருந்தது.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்த டெல்பினின் கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. மடியில் பி.காம் முதல் வருடப் புத்தகம். கல்லூரி வாசலில் காவல்காரர் வாரத்துக்கு ஒருமுறையாவது, “எந்த மிஸ்ஸோட பிள்ளைம்மா நீ?” என்று கேட்பார். அவள் வீட்டில் வந்து அவரைப் போலவே பேசிக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டெல்பினின் தலையைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் திடுக்கிடல் இல்லை. சலேத் அதைக் கவனித்தாள்.

“மருந்து கேக்கலையா டாக்டரம்மா? மாத்திப் பாக்கணுமா?”

டாக்டர் டெல்பினைப் பார்த்தார். “நீ சொல்றியா, நான் சொல்லட்டா?”

“நானே சொல்லுதேன்.” டெல்பின் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “எம்மா, நான் மருந்தை விட்டு ஏழு மாசமாச்சு.”

“போட்டி பைத்தாரி. காலையில நான்தான கையில தாரேன்? என் முன்னாலதான முழுங்குத?”

“அது சுண்ணாம்புச் சத்து மாத்திரை. எலும்புக்கு. நீ பயப்படக் கூடாதுன்னு அதே டப்பாவுல போட்டுத் தரச் சொன்னேன்.”

சலேத்தின் கோபம் மகளிடம் போகவில்லை, டாக்டரிடம் பாய்ந்தது.

“ஒரு சின்னப் பிள்ளை சொல்லிச்சுன்னு நீங்க நிறுத்துவீங்களா? பெத்தவ நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன்லா?”

“சின்னப் பிள்ளை இல்ல சலேத். பத்தொம்பது.”

“அவளைப் பாத்தா பத்தொம்பதுன்னு உங்களுக்குத் தெரியுதா?”

“பாத்தாத் தெரியாது. பேசினாத் தெரியும். பதினெட்டு முடிஞ்ச உடனே என்கிட்ட தனியா வந்து கேட்டா. நானும் லேசுல விடல. திட்டினேன், கெஞ்சினேன், படம் போட்டுக் காட்டினேன். அவ உடம்பு பத்தி அவதான் சொல்லணும், சட்டமும் அதான் சொல்லுது.”

“உங்க பிள்ளைன்னா இப்படி விடுவீங்களா?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “தெரியல. என் பிள்ளைன்னா அந்த இடத்துல நான் டாக்டரா இருக்க மாட்டேனே. உங்களை மாதிரிதான் கத்திட்டிருப்பேன். சுண்ணாம்பு மாத்திரைக்கு ஒத்துக்கிட்டது மட்டும் தப்பு. அதுக்கு என்னை எவ்வளவு வேணா ஏசுங்க.”

“கட்டி?”

“அசைஞ்சிருக்கு. ரொம்பக் கொஞ்சம். மருந்து உடம்பை விட்டு இறங்கவே மாசக்கணக்காகும்.”

“அப்ப இன்னிக்கே மருந்தைத் தொடங்குங்க!”

“தொடங்கினா நிக்கலாம். விட்டுட்டுத் திரும்பத் தொடங்கினவங்கள்ல பாதிப் பேருக்குத்தான் கேட்டிருக்கு. சீக்கிரம் தொடங்கினா வாய்ப்பு கூட. தள்ளித் தள்ளிப் போட்டா குறையும். இதெல்லாம் அவளுக்கும் தெரியும்.”

“தெரியும்” என்றாள் டெல்பின். “வேண்டாம்.”

சலேத் எழுந்து வெளியே வந்துவிட்டாள். நடையில் போட்டிருந்த பெஞ்சில் ஒரு சின்ன வயதுப் பெண், மடியில் நாலு வயதுப் பையனோடு உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

“அக்கா, நீங்கதான டெல்பினோட அம்மா? நர்ஸம்மா சொன்னாங்க. இவனுக்கு இன்னிக்குத்தான் மருந்து தொடங்கியிருக்கு. பத்து வருசமா உங்க மகளுக்கு ஒண்ணும் ஆகலையாமே? அதைக் கேட்டப்புறம்தான் எனக்குச் சோறே இறங்குச்சு. இப்படியே இருந்தாப் போதும்க்கா. எப்படியும் இருந்தாப் போதும்.”

ஆமாம்மா என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள் சலேத். இன்றைக்குப் பையனின் கன்னத்தைத் தொட்டாள். “நல்லா இருப்பான்” என்று மட்டும் சொன்னாள்.

*

ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்பமரத்தடியில் டெல்பின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏசணும்னா ஏசிரும்மா. உம்முன்னு இருக்காத.”

“ஏன்ட்டி? உனக்கு இங்க என்ன குறை வச்சேன்?”

“ஒரு குறையும் வைக்கல.”

“பிறகு?”

“ஷெரின் பெரியவளானா. வீடு நிறைய ஆளு. என் தங்கச்சிக்குத் தண்ணி ஊத்த நான் நின்னேன். நீ என்ன செஞ்ச? ‘பிள்ளைகள்லாம் ஒரு ஓரமா உக்காருங்க’ன்னு என்னையும் வாண்டுகளோட உக்காத்தி, கையில முறுக்கைக் குடுத்துட்டுப் போன.”

சலேத்துக்கு நினைவே இல்லை. ஆனால் செய்திருப்பாள். செய்யக்கூடியவள்தான்.

“கூட்டத்துல சின்னதா யாரைப் பாத்தாலும் கை தானா முறுக்கை நீட்டிரும்ட்டி. நான் தெரியாமச் செஞ்சிருப்பேன்.”

“அதான் சொல்லுதேன். நீ தெரியாமத்தான் செய்யுத. எல்லாரும் தெரியாமத்தான் செய்யுதாங்க. கோவப்பட ஆளே இல்ல எனக்கு.” டெல்பின் காலை ஆட்டுவதை நிறுத்தினாள். “பத்து வருசம் போச்சும்மா. உங்க எல்லாருக்கும் பத்து வருசம். எனக்கு ஒரே வருசம் பத்துத் தடவை.”

“செத்துப் போயிட்டன்னா?”

கேட்டுவிட்டாள். வீட்டில் யாருமே இதுவரை வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை.

“செத்தா, வளந்துட்டே செத்தேன்னு இருக்கட்டும். ஒண்ணு மட்டும் கேளு. எப்ப ஆனாலும் பெட்டியில எனக்குச் சின்னப் பிள்ளைக்குப் போடுத மாதிரி வெள்ளைக் கவுனும் பூமுடியும் வச்சிராத. சேலை கட்டு.”

சலேத் அவளை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை என்ன செய்வதென்று தெரியாமல், அந்தச் சொரசொரத்த தலையை இழுத்து நெஞ்சில் அமுக்கிக்கொண்டது.

*

அரிசி டிரம்முக்குள் ஒரு டப்பா இருந்தது. மழை வெள்ளத்தில் ஒருமுறை பாலம் மூழ்கி ஆஸ்பத்திரிப் பாதை அடைபட்ட பிறகு, கையிருப்பு வேண்டுமென்று சலேத் சிறுகச் சிறுக ஒதுக்கி வைத்தது. ஏழு மாதத்துக்கு முந்தியது, அசல் மருந்து. அது அங்கே இருப்பது வேறு யாருக்கும் தெரியாது.

அந்த வாரம் முழுக்க அவள் டிரம்மைச் சுற்றியே நடந்தாள். சீக்கிரம் தொடங்கினால் வாய்ப்பு கூட என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அவள் என்னை ஏமாற்றினாள், நான் அவளை ஏமாற்றக் கூடாதா? அவள் உயிருக்குத்தானே செய்கிறேன்? சனிக்கிழமை காலையில் ஒரு மாத்திரையைக் கரண்டிக் காம்பால் நுணுக்கினாள். கசக்கும். கருப்பட்டிக் காபியில் போட்டால் கருப்பட்டி அதைத் தின்றுவிடும். போட்டுக் கலக்கினாள். கலக்கிய வேகத்தில் அடுப்பு மேடையெல்லாம் சிந்தியது.

“எம்மா, காபி போட்டாச்சா?” டெல்பின் பல் தேய்த்த வாயோடு அடுக்களைக்குள் வந்தாள்.

“போட்டாச்சு. தம்ளரை எடு.”

தம்ளர் அடுக்கு மேல் பலகையில் இருக்கும். டெல்பின் எடுக்க வேண்டுமானால் மூலையில் கிடக்கும் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறுவாள். அன்றைக்கு முக்காலியின் மேல் வெங்காயக் கூடை இருந்தது. அதை இறக்கச் சோம்பல்பட்டு, சுவரோடு ஒட்டி நின்று, கால் விரல்களை ஊன்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு உன்னினாள். விரல்நுனி பலகையின் விளிம்பில் பட்டது. இன்னும் உன்னினாள். ஒரு தம்ளர் சரிந்து அவள் கைக்குள் வந்து விழுந்தது.

அவள் அந்தத் தம்ளரைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். முக்காலியைப் பார்த்தாள்.

“எம்மா! எட்டிருச்சும்மா!”

உள்ளேயிருந்து ஷெரின் ஓடி வந்தாள். “என்ன எட்டிச்சு? பொய் சொல்லாத அக்கா. இன்னொருக்கா எடு பாப்போம்!” இன்னொரு தம்ளர் வந்தது. மூன்றாவது கைநழுவி உருண்டு ஓடியது. இரண்டு பேரும் அதைத் துரத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அப்படியொரு முகத்தை மகளிடம் சலேத் பார்த்துப் பத்து வருடமாகிறது. காவல்காரரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கும் சிரிப்பு வேறு. இது வேறு.

“ஊத்தும்மா” என்று டெல்பின் தம்ளரை நீட்டினாள்.

சலேத் காபிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, அதைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

“ஏம்மா கொட்டுத?”

“திரிஞ்சு போச்சு. வேற போட்டுத் தாரேன், இரு.”

டெல்பின் ஓடுகிற காபியை ஒரு கணம் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், உருண்ட தம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.

டப்பாவில் மிச்சமிருந்ததை அன்றைக்கே சலேத் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். “இதை நான் வீட்டுல வச்சிருக்கக் கூடாது டாக்டரம்மா” என்றாள். அவர் அதை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்ப்போம், என்ன வந்தாலும் டெல்பினிடம் கேட்டே செய்வோம் என்றார். சலேத் தலையை ஆட்டினாள்.

கஸ்பார் மழிப்பதை விட்டுவிட்டார். மகளுக்குக் கறுகறுவென்று முளைத்தது. அவருக்கு முளைத்ததெல்லாம் வெள்ளை.

“எப்பா, நீங்க எப்ப கிழவனானீய?” என்று டெல்பின் அவர் தலையைத் தடவித் தடவிக் கேட்டாள்.

“எனக்கே இப்பத்தான தெரியுது” என்றார் அவர்.

*

கிறிஸ்துமஸ் துணியை எடுத்துக்கொண்டு அம்மாவும் மகளும் இஞ்ஞாசி டெய்லர் கடைக்குப் போனார்கள். கடை நிறைய வெட்டுத் துணி. அவர் மிஷினை நிறுத்தாமலே பேசினார்.

“வாம்மா சலேத்து. துணியை வச்சிட்டுப் போ. டெல்பின் அளவு எனக்கு மனப்பாடம்லா? அந்தச் சுடிதாருக்குக் கை தானா வெட்டும்.”

“அளவு எடுங்கண்ணே” என்றாள் சலேத்.

“எதுக்கு?”

“எடுங்களேன்.”

அவர் எழுந்து வந்து டேப்பைத் தோளிலிருந்து இறக்கிப் பிடித்தார். பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மறுபடியும் பிடித்தார். “இந்த டேப்பு சுருங்கிப் போச்சா என்ன?”

“டேப்பு சரியாத்தான் இருக்கு மாமா” என்றாள் டெல்பின்.

அவருக்குப் புரிந்தது. இந்தப் பிள்ளை வளர்ந்தால் என்ன அர்த்தம் என்று அந்தத் தெருவில் தெரியாதவர் யார்? சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டேப்பைக் கையில் சுருட்டினார், அவிழ்த்தார். குரல் தணிந்தது.

“அப்ப இந்த அளவுக்கே தச்சிரட்டுமா சலேத்து?”

சலேத் துணியை விரித்து, ஓரத்தைக் கையால் நீவிப் பார்த்தாள்.

“வேண்டாண்ணே. கீழ ரெண்டு விரக்கடை உள்ள மடிச்சுத் தைங்க. தோள்லயும் துணி விடுங்க. வளருத பிள்ளை.”